ஆஃப் பண்ணத்தான் ரெண்டு நிமிஷம்

ஜவுளிக் கடை அண்ணன் ஒருவர் என்னைப் பற்றிக் குரூப்பில் எழுதிய அந்த ஸ்க்ரீன்ஷாட்டை நேற்றிலிருந்து பதினோரு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "ஒரு பிளகினை ஆஃப் பண்றதுக்கு 3,000 ரூபா வாங்கிட்டாங்க. ரெண்டு நிமிஷ வேலை." கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். சிரித்தவர்களில் இரண்டு பேர் என்னிடம் வேலை வாங்கியவர்கள்.

பிளகின் என்பது தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சின்ன மென்பொருள். அதை ஆஃப் பண்ண ரெண்டு நிமிஷம்கூட ஆகாதுங்க. ஒரு கிளிக். எதை ஆஃப் பண்ணுவது என்று கண்டுபிடிக்கத்தான் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு உட்கார்ந்து ராத்திரி இரண்டே முக்கால் ஆனது. நான் காசு வாங்கியது அதற்குத்தான்.

இரண்டு வருடம் முன்பு நான் கட்டிக்கொடுத்த ஜவுளிக் கடைத் தளம். தளம் கட்ட வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள், மேலே கடை நடத்த வூகாமர்ஸ். மாதப் பராமரிப்பு வேண்டாம் என்றார் அண்ணன், சரி என்றேன். நான் கொடுத்தபோது 14 பிளகின் இருந்தது. சனிக்கிழமை திறந்து பார்த்தால் 31. வாடிக்கையாளர் சேலையைக் கூடையில் போடுகிறார், முகவரி எழுதுகிறார், ஆர்டர் பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பணம் கட்டும் பக்கம் வரவே இல்லை.

"எனக்கு நல்லாத்தாங்க வருது, கஸ்டமருக்குத்தான் வரலைங்கறாங்க" என்றார். பாதி விடை அந்த வாக்கியத்திலேயே இருந்தது. வேகப்படுத்தும் பிளகின்களில் நிறைய, லாக்-இன் செய்து உள்ளே இருப்பவரை விட்டுவிட்டு வெளியாட்களுக்கு மட்டும் பக்கத்தை மாற்றிக் கொடுக்கும். அதனால் முதலாளி கண்ணுக்குக் கோளாறு தெரியாது.

"ஏதாச்சும் புதுசா போட்டீங்களாண்ணா?" மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "ஒண்ணுமே பண்ணலைங்க."

நம்பினேன்.

தளத்தின் பிழைகள் பதிவாகும் டீபக் லாகைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. ஏனென்றால் கோளாறு சர்வரில் இல்லை, பிரவுசரில். பிரவுசர் தன் பிழைகளைக் காட்டும் கன்சோலில் ஒரே ஒரு சிவப்பு வரி: ஜேக்வெரி இஸ் நாட் டிஃபைன்ட். ஆர்டர் போடும் செக்அவுட் பக்கத்தின் புரோகிராம் ஓட ஆரம்பித்துவிட்டது, அது நம்பியிருக்கும் ஜேக்வெரி என்ற புரோகிராம் தொகுப்பு இன்னும் வந்து சேரவில்லை. யாரோ அதைத் தாமதப்படுத்துகிறார்கள். யார்? 31 பேர் இருக்கிறார்கள்.

ஓடுகிற கடையில் எல்லாவற்றையும் அணைத்துப் பார்க்க முடியாது. ஹெல்த் செக் பிளகினில் ஒரு வசதி உண்டு, லாக்-இன் செய்த நமக்கு மட்டும் பிளகின்களை அணைத்துக் காட்டும். ஆனால் இந்தக் கோளாறு லாக்-இன் செய்யாதவருக்கு மட்டும்தானே வருகிறது, அது உதவாது. எனவே மொத்தத் தளத்தையும் பிரதி எடுத்து, வாடிக்கையாளர் பார்க்காத சோதனை இடமான ஸ்டேஜிங்கில் போட்டு, பாதிப் பாதியாக அணைத்தேன். ஒரே ஒரு குற்றவாளி என்றால் ஐந்து சுற்றில் பிடிபட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் சேமித்துவைத்த பழைய பக்கங்களை (கேச்) அழித்து, லாக்-இன் இல்லாத இன்காக்னிட்டோவில் திறந்து, அதே மாம்பழ மஞ்சள் சேலையைக் கூடையில் போட்டு, அதே முகவரியை அடித்து, பட்டனை அழுத்தி...

முதல் பாதியை மட்டும் ஓடவிட்டால் ஆர்டர் போகிறது. மறு பாதியை மட்டும் ஓடவிட்டாலும் போகிறது. இரண்டையும் சேர்த்தால் நிற்கிறது. குற்றவாளி ஒருவர் இல்லை, இருவர். ஒன்று பக்கத்தின் புரோகிராம் ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கிறது, இன்னொன்று ஜேக்வெரியைத் தள்ளிப்போடுகிறது. தனித்தனியாகப் பிடித்தால் இரண்டும் நல்ல பிள்ளைகள்.

கடைசியில் பிளகின் ஃபோல்டர்களின் தேதியைப் பார்த்தேன். தானாக அப்டேட் ஆனவை நிறைய இருந்தன. நடுவில் ஒன்று மட்டும் வியாழக்கிழமை புதிதாக வந்து இறங்கியிருக்கிறது. அந்த நேரத்துக்கு ஸ்டேஜிங்கில் நான் சேலை வாங்கியது இருபது தடவைக்கு மேல். "வியாழக்கிழமை தம்பி ஏதோ போட்டான்" என்று ஏழு மணிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழரைக்கு முடிந்திருக்கும். அப்போது 3,000 கேட்டிருக்கவும் மாட்டேன்.

"அவங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும், பாவம்" என்று ஒரு தோழி எழுதியிருக்கிறார். நியாயம். ஜேக்வெரி தெரிய வேண்டியதில்லை, ஸ்டேஜிங் தெரிய வேண்டியதில்லை. ஆனால் புதிதாக ஒன்று போட்டோமா இல்லையா என்பது தெரியும்தானே? அதை மட்டும்தான் கேட்டேன்.

"ஏஐகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடும்" என்கிறவர்களுக்கு: நானும் கேட்பேன், தினமும். அந்தத் தளத்துக்குள் வியாழக்கிழமை என்ன நுழைந்தது என்று அதற்கும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

"31 பிளகின் வர்ற மாதிரி ஏன் கட்டினீங்க?" நான் கட்டியது 14. அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

தப்பான ஆளைப் பிடித்துத் திட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே செய்திருக்கிறேன். 2020 ஆகஸ்டில் வேர்ட்பிரஸ் 5.5 வந்தது. பழைய ஜேக்வெரி புரோகிராம்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஜேக்வெரி மைக்ரேட் அதில் தானாக ஓடாது. நான் பார்த்துக்கொண்டிருந்த ஏழு தளங்களில் படங்கள் நகரும் ஸ்லைடர் நின்றது, மெனு திறக்கவில்லை. சர்வர் வாடகைக்குக் கொடுக்கும் ஹோஸ்டிங் கம்பெனியின் சப்போர்ட்டில் இருந்த ஒரு பையனை போனில் முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தேன். "மேடம், சர்வர்ல எதுவும் மாறலைங்க மேடம்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. அப்டேட் பட்டனை அழுத்தியது நான். வேர்ட்பிரஸ் குழுவே அதற்கென்று விட்ட உதவி பிளகினைப் போட்டதும் எல்லாம் சரியானது. மறுநாள் கூப்பிட்டு அவன் பெயரைச் சொல்லிக் கேட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதிலிருந்து எந்தத் தளத்தைத் தொட்டாலும் என்ன மாற்றினேன் என்று தேதி போட்டு நோட்டில் எழுதுகிறேன்.

உலகத்துத் தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. இலவச பிளகின்கள் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை, ஆனால் எழுதியதெல்லாம் உங்கள் தளத்தில் ஒரே வீட்டுக்குள் ஓட வேண்டும். இரண்டு பேர் தங்கள் புரோகிராமின் ஒரு பகுதிக்கு (ஃபங்ஷன்) ஒரே பெயர் வைத்துவிட்டால்கூடப் போதும், தளமே நின்றுபோகலாம். எந்த இரண்டுக்குச் சண்டை வரும் என்று முன்கூட்டியே யாராலும் முழுக்கச் சோதித்து வைக்க முடியாது. வந்த பிறகு ஒருவர் உட்கார்ந்து தேடத்தான் வேண்டும்.

அந்த உட்காருதலை யாரும் பார்ப்பதில்லை, அதுதான் வலிக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் மகள் எழுந்து வந்து "இன்னுமா சேலை வாங்கற?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள். கடைசி கிளிக்கை மட்டும் அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டினேன், அவருக்கும் தெரியட்டும் என்று. அதைத்தான் ரெண்டு நிமிஷம் என்று எழுதிவிட்டார். காட்டியதே தப்பா? பேரம் பேசியிருந்தால் குறைத்திருப்பேன் அண்ணா. "சரிம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, குரூப்பில் போய் ஏன்?

அவர் தம்பி இன்று மதியம் மெசேஜ் செய்தான். "அக்கா, வியாழக்கெழம அத நான்தான் போட்டேன். சைட் ஸ்லோவா இருக்குன்னு அண்ணன்தான் போடச் சொன்னாரு." அண்ணன்தான் போடச் சொன்னாராம்.

ஸ்க்ரீன்ஷாட் இன்னும் குரூப்பில் அப்படியே இருக்கிறது. நான் போய்ப் பதில் போடவில்லை. காலையில் என் அம்மாவின் போனில், லாக்-இன் செய்யாமல், கடைத் தளத்தைத் திறந்து ஆர்டர் பட்டனை அழுத்திப் பார்த்தேன். பணம் கட்டும் பக்கம் உடனே வந்தது.