ஹிந்தி-9

2023 மார்ச், ஹோலி முடிந்து பத்து நாள் இருக்கும். மதியம் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து போன். "சார், சம்பளம் பாக்கி. நான் ஊர்ல இருக்கு. ஜிபே பண்ணு சார்" என்றது ஒரு குரல். யாருப்பா நீ என்றேன்.

"ஹிந்தி நைன், சார்."

நான் திருப்பூரில் ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்கு எழுதுகிறவன். சனிக்கிழமை சம்பளம் போட என்னிடம் ஒரு ரஃப் நோட்டு உண்டு. அதில் நம்மூர் ஆட்களுக்குப் பெயர் மட்டுமில்லை, பட்டப்பெயரும் இருக்கும். கண்ணாடி பாண்டி, செக்கிங் சரசக்கா, பேட்லாக் மணி, ஓவர்லாக் மணி. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்களுக்கு மட்டும் ஹிந்தி-1, ஹிந்தி-2 என்று 14 வரை. முதல் வாரம் பெயர் கேட்டு எழுத நேரமில்லை என்று நம்பர் போட்டேன். அதுவே மூன்று வருடம் ஓடியது. அவர்களும் வரிசையில் வந்து நம்பரைச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போவார்கள். ஒடிசாக்காரனின் தாய்மொழி ஒடியா, ஹிந்தி இல்லை என்பதைக்கூட நான் யோசித்ததில்லை.

அந்தப் போன் வந்த சமயம் ஊர் எப்படி இருந்தது என்று திருப்பூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு விளக்கினார். ஒன்றில் இருந்தது பீகார்த் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் திருப்பூரில் நடந்த சண்டை. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து நேரில் பார்த்துவிட்டும் போனது. ஆனால் அதற்குள் ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டமும் பயந்து போகிற கூட்டமும் சேர்ந்து ரயில் நிலையம் நிரம்பிவிட்டது. எங்கள் யூனிட்டில் 14 பேரில் 11 பேர் கிளம்பிவிட்டார்கள்.

டீக்கடையில் எங்களுக்கெல்லாம் பயங்கரக் கோபம். "நம்மளப் போயி கொலகாரனுங்கறானுங்க பாருங்க" என்று ஒரே பேச்சு. கோபம் நியாயம்தான். எவனோ போட்ட வீடியோவை வைத்து ஒரு மாநிலத்தையே எடை போடலாமா? ஆனால் அதே பெஞ்சில் உட்கார்ந்து "வடக்கன் வந்தப்பறம்தான் திருட்டே" என்று வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தவர்களும் நாங்கள்தான். எங்களுக்கும் ஆதாரம் எவனோ போட்ட வீடியோதான்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதைக் கணக்காகத்தான் சொல்ல வரும். ஒரு தொகையை எந்தத் தலைப்பில் ஏற்றுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. உள்ளூர் டைலர் ஒருவர் 8,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அடுத்த வாரமே வேறு கம்பெனிக்குப் போனார். அது அவர் பெயரில் பற்று. "அந்தாளு தண்ணி வண்டிங்க" என்று முடிந்தது. அதே வருடம் ஒரு ஜார்க்கண்ட் பையன் 3,000 வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான், திரும்பி வரவில்லை. அது அவன் பெயரில் ஏறவில்லை, வடக்கன் என்ற தலைப்பில் ஏறியது. அதற்கப்புறம் எந்த ஹிந்திப் பையன் வந்து அட்வான்ஸ் கேட்டாலும் அந்த 3,000 முன்னால் வந்து நிற்கும்.

வரவு வைக்கிறபோது அப்படியே தலைகீழ். ஒரு தடவை சம்பளக் கவரில் 500 ரூபாய் கூடுதலாக வைத்துவிட்டேன். திங்கள்கிழமை காலையில் ஹிந்தி-4 அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். ஓனரிடம் சொன்னபோது, "தங்கமான பையன், வடக்கன் மாதிரியே இல்லீங்க" என்றார். நானும் ஆமாங்க என்றேன். திருப்பித் தராத 3,000 கூட்டத்தின் கணக்கில் சேர்ந்தது. திருப்பித் தந்த 500 எந்தக் கணக்கிலும் சேரவில்லை. இப்படி எழுதினால் அந்தப் பேரேட்டில் பற்று மட்டும்தானே நிற்கும்? இதற்கு மனதில் வெறி எதுவும் தேவைப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

1976-ல் அமெரிக்காவில் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபோர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த ஒரு சோதனையைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். 'ஏ' என்று ஒரு குழு, 'பி' என்று ஒரு குழு. நிஜத்தில் இல்லாத, வெறும் எழுத்தால் மட்டுமே குறிக்கப்பட்ட குழுக்கள். அந்த ஆட்கள் செய்த காரியங்களை ஒவ்வொன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். 'ஏ' ஆட்களைப் பற்றி 18 நல்ல செய்தி, 8 கெட்ட செய்தி. 'பி' ஆட்களைப் பற்றி 9 நல்லது, 4 கெட்டது. வகுத்துப் பாருங்கள், விகிதம் ஒன்றேதான். ஆனால் படித்தவர்கள், 'பி' செய்த கெட்டதை இருந்ததைவிடக் கூடுதலாக மதிப்பிட்டார்கள். எண்ணிக்கையில் குறைந்த ஆட்கள் செய்கிற, அதுவும் அரிதாக நடக்கிற கெட்ட காரியம் இரண்டு மடங்கு கண்ணில் படுகிறது, மனதில் தங்குகிறது. யாரும் யாரையும் வெறுக்காத, மதமோ மொழியோ நிறமோ எதுவும் இல்லாத இரண்டு எழுத்துகளுக்கே இந்தக் கதி. இதில் மேலே கொஞ்சம் வாட்ஸ்அப்பைத் தூவினால் என்ன ஆகும் என்று சோதனைச்சாலையில் பார்க்க வேண்டியதில்லை.

2018-ல் பார்த்தோமே. வடமாநிலக் கும்பல் குழந்தை கடத்த வந்திருக்கிறது என்று ஊர் ஊராக வாட்ஸ்அப்பில் ஆடியோ சுற்றியது. அந்த மே மாதம் 9-ம் தேதி, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க நின்றது. காரில் இருந்த, அறுபது வயதைத் தாண்டிய அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் செத்துப்போனார். தமிழ் பேசுகிற அம்மா. வடக்கனுக்காகத் தீட்டி வைத்த பயம், ஆள் பார்க்காமல் விழுந்தது.

இவ்வளவு பேசுகிற நான் ஒன்றும் இந்த ஊர்க்காரன் இல்லை. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து 1999-ல் பிழைப்புக்கு வந்தவன். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் திண்ணையிலேயே நிறுத்தி, "தெக்கத்தி ஆளுங்களா? நாங்க குடுக்கறதில்லீங்களே" என்பார்கள். மரியாதைக்குக் குறைச்சல் இருக்காது, ஆனால் வீடு கிடைக்காது. தெக்கத்திக்காரன் என்றால் வெட்டுக்குத்து, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவான். ஆமாம், அதே அட்வான்ஸ் புகார்தான், வார்த்தைகூட மாறவில்லை. ஐந்தாவதாகப் பார்த்த வீட்டில் அடுத்த கேள்வி என்ன ஆளுங்க என்பது. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய கதை.

எனக்கு முன்னால் என் பெரியப்பா மும்பை தாராவியில் இருந்தவர். 1966-ல் சிவசேனா தொடங்கிய புதிதில் அவர்களுக்கு முதல் குறி தென்னிந்தியர்கள்தான். நம் ஆட்களின் வேட்டி, லுங்கியைக் கேலி செய்து கோஷமே போட்டார்கள். வெளியே போகும்போது வேட்டியை விட்டுவிட்டு பேண்ட் போடப் பழகியதைப் பெரியப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கிற விஷயம் இல்லை என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. 2008-ல் அதே மும்பையில் உத்தரப் பிரதேச, பீகார் ஆட்களை அடித்தபோது அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இந்த பையாக்களுக்கு வேணும்டா." மதராசி என்று திட்டு வாங்கிய அதே வாய்.

அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி தெரியும் என்பார்கள். பெரியப்பாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நமக்குக் கீழே ஒருவன் வந்து சேர்ந்ததில் ஒரு நிம்மதிதான் வந்தது. வடக்கன் வந்த பிறகு என்னை யாரும் தெக்கத்தியான் என்பதில்லை, நானும் 'நம்மூர்க்காரன்' ஆகிவிட்டேன்.

இந்த இடத்தில் கமெண்டில் வரப்போவது தெரியும். ஹிந்தித் திணிப்பை எதிர்க்கக் கூடாதா? தாராளமாக எதிர்க்கலாம், நானும் எதிர்க்கிறேன். அதை டெல்லியோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுத் தகரக் கொட்டகையில் எட்டுப் பேரோடு படுக்கிறவனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அப்புறம், கூலியைக் கெடுக்கிறான் என்கிற புகார். இதில் உண்மை இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்கிற கூலியை, அவன் எழுதுவதில்லை. ஓனர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். 1984-ல் இதே ஊரில் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தது முதலாளிகளை எதிர்த்து. இன்றைக்கு அந்தக் கோபம் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருப்பவன் மேல் திரும்பிவிட்டது என்றால் அதில் யாருக்கு லாபம் என்பதற்கு என் நோட்டே சாட்சி.

சரி, இது மாறுமா? பழகினால் மாறும் என்று எல்லோரும் சொல்வார்கள். வெறுமனே பழகினால் மாறாது. நாங்கள் ஒரே கூரையின் கீழ் மூன்று வருடம் இருந்தவர்கள்தானே. 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் மாட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் பல சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். ஒரு பகுதியினருக்கு ஒரு மாதக் கிரிக்கெட் லீக். வேறு சாதிப் பையன்களோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களுக்கு விளைவு நேர்மாறாக இருந்தது. பழக்கம் இரண்டிலும் உண்டு. நிற்கிற இடம் வேறு.

எங்கள் யூனிட்டில் அதுவரை தமிழ் லைன் தனி, ஹிந்தி லைன் தனி. சாயங்காலம் சூப்பர்வைசர் வந்து, "அவனுங்க 600 பீஸ் தட்டிட்டானுங்க, நீங்க என்ன பண்றீங்க?" என்று கத்துவார். தினமும் எதிரணி. 11 பேர் ஊருக்குப் போனதும் லைன் ஓட்ட ஆள் போதவில்லை, ஷிப்மெண்ட் தேதியோ தலைமேல் நின்றது. வேறு வழியில்லாமல் மிச்சமிருந்த மூன்று பேரையும் தமிழ் டைலர்களையும் கலந்து ஒரே பேட்ச் ஆக்கி, பேட்சுக்கு மொத்த ரேட் போட்டோம். நல்லெண்ணத்தால் இல்லை, அவசரத்தால். இரண்டாவது வாரம் சரசக்கா, "அந்த ஒடிசாத் தம்பிக்குக் காய்ச்சலுங்க, மிஷினை மாத்திக் குடுங்க, ஃபேன் கிட்ட உக்காரட்டும்" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். மூன்று வருடத்தில் அப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. எல்லாம் சுபம் என்று சொல்லவில்லை. பேட்லாக் மணி இன்றைக்கும் தனியாகத்தான் சாப்பிடுகிறார்.

பதிவை இதுவரை எழுதித் திரும்பப் படித்தால், உள்ளூர் டைலர் 'போனார்' என்றும் ஜார்க்கண்ட் பையன் 'போனான்' என்றும் எழுதியிருக்கிறேன். டைலருக்கு 24 வயது. அந்தப் 'பையனுக்கு' முப்பதைத் தாண்டியிருக்கும், இரண்டு குழந்தைகள். திருத்தலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், விட்டுவிட்டேன்.

ஹிந்தி-9 அந்த ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தார். நோட்டைப் புதிதாகப் போட்டேன், பெயர் கேட்டு, ஊர் கேட்டு. அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவரைக் கேட்கவில்லை என்பதால். எழுதி முடித்ததும், என் நம்பரை என்ன பெயரில் வைத்திருக்கிறீர்கள் என்று சும்மா கேட்டேன். தயங்கித் தயங்கி போனைக் காட்டினார். ஹிந்தி எழுத்து எனக்குப் படிக்க வராது, நீங்களே படியுங்கள் என்றேன்.

"மதராசி முன்ஷி" என்றார்.

முன்ஷி என்றால் கணக்குப்பிள்ளையாம். பக்கத்திலிருந்த பாண்டி சிரித்த சிரிப்பில் மிஷின் நின்றுவிட்டது. ஹிந்தி-9 முகம் சிவந்து, உங்க பேர் என்ன சார் என்று கேட்டு, அதை எழுத்துக்கூட்டி அடிக்க ஆரம்பித்தார். ழகரத்தில் மாட்டிக்கொண்டார்.