அது வேட்டையில்லை, நீங்கள் போட்ட பந்தி

கடலுக்கடியில் இரவு டைவில் எடுத்த 'வேட்டைக் காட்சி' என்று சுற்றிவரும் வீடியோக்கள் பலவற்றில் நடப்பது ஒன்றுதான். டார்ச் வெளிச்சம் ஒரு சின்ன மீன்மேல் விழுகிறது. அது கண் கூசித் திகைத்து நிற்கிறது. பக்கவாட்டிலிருந்து சிங்கமீன் வந்து லபக்கென்று விழுங்குகிறது. கீழே 'இயற்கையின் கொடூரம்' என்று ஒரு வரி. வெளிச்சம் போட்டு இரையைக் காட்டிக்கொடுத்தது கேமராக்காரர். பழி மட்டும் இயற்கைக்கு! டைவர்கள் அடிக்கடி இறங்கும் பவளப்பாறைகளில் சிங்கமீனும் பாரையும் டார்ச்சுக்குப் பின்னாலேயே வரப் பழகிவிடுகின்றன. அது வேட்டை கிடையாது, பந்தி.

இரை வைத்து எடுப்பதும் இதே ரகம்தான். நறுக்கிய மீனைக் கூடையில் அடைத்து கேமரா முன்னால் வைப்பது, எந்தெந்த இனம் அங்கே இருக்கிறது என்று கணக்கெடுக்கும் ஆய்வாளர்களுக்குச் சரி. ஆனால் அந்தக் கூடையை முட்டும் சுறாவிடம் பதுங்கலும் இல்லை, குறி பார்த்தலும் இல்லை. முக்கியமாக, தோல்வி இல்லை. பவளப்பாறையில் பாய்ச்சல்கள் எத்தனையோ வீணாகப் போகின்றன. அவற்றையும் காட்டும் வீடியோவைத்தான் நான் நம்புவேன்.

சரி, நிஜ வேட்டையை எப்படிப் பிடிப்பது? முதல் விஷயம், வேட்டையாடும் மீனைத் துரத்தாதீர்கள். துரத்தினால் வால்தான் கிடைக்கும். இரையைப் பாருங்கள். நீரோட்டம் வந்து மோதும் பாறை விளிம்பில், மிதவை உயிரிகளைத் தின்னும் சின்ன மீன்கள் கூட்டமாக மேலே ஏறி நிற்கும். ஓட்டம் குறைந்தால் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஓதம் ஏறும்போதோ இறங்கும்போதோ தண்ணீர் நகர்ந்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து இறங்க வேண்டும். அந்தக் கூட்டம் திடீரென்று ஒரு சாண் கீழே அமுங்கினால் யாரோ வருகிறார்கள் என்று பொருள். அப்போது பொத்தானை அழுத்தினால் தாமதம். அழுத்துவதற்கு முந்தைய சில விநாடிகளையும் சேர்த்துப் பதியும் ப்ரீ-ரெக்கார்ட் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. மெனுவில் தேடி அதை ஆன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரனின் உடம்பும் பேசும். செங்கடலில் களவாயும் (பாறை மீன் வகை) பெரிய அஞ்சாலையும் (பாம்பு போல் நீண்ட, பொந்தில் வாழும் மீன்) கூட்டுச் சேர்ந்து வேட்டையாடுவதை ரெதுவான் ப்ஷாரியும் அவருடைய கூட்டாளிகளும் 2006-ல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் விவரித்தார்கள். களவா அஞ்சாலையின் பொந்துக்குப் போய், அதன் முகத்துக்கு நேரே தலையை வேகமாக ஆட்டும். அஞ்சாலை வெளியே வரும், இரண்டும் பக்கம் பக்கமாகப் போகும். திறந்தவெளியில் களவாயின் வேகம், இடுக்குக்குள் அஞ்சாலையின் ஒல்லி உடம்பு. இரைக்கு இரண்டு வழியும் அடைப்பு. 2013-ல் வந்த ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இரை ஒளிந்துகொண்ட இடுக்குக்கு நேர் மேலே களவா தலைகீழாக நின்று, தலையை ஆட்டி, கூட்டாளிக்கு இடம் காட்டும்.

இதைப் படமெடுக்கும்போது எல்லோரும் செய்யும் தப்பு, தலைகீழாக நிற்கும் களவாயை நெருங்கிப் போய் ஃபிரேம் முழுக்க நிரப்புவது. நெருங்கியதும் அது நிமிர்ந்து விலகிவிடும், காட்சி போச்சு. இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே நில்லுங்கள். களவா, இடுக்கு, அந்தப் பவளக் குவியலின் மறுபக்கம் மூன்றும் ஃபிரேமுக்குள் இருக்கட்டும். ஏனென்றால் இரை பெரும்பாலும் மறுபக்கமாகத்தான் தப்பி ஓடப் பார்க்கும்.

வேகம் பற்றி ஒரு கணக்கு. தவளைமீன் வாயைத் திறந்து இரையை உறிஞ்ச 6 மில்லிவிநாடி போதும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 42 மில்லிவிநாடி. இந்த ஃபிரேமில் இரை இருக்கும், அடுத்ததில் இருக்காது, நடுவில் ஒன்றுமே இல்லை. 120-க்குப் போனாலும் ஃபிரேமுக்கு 8 மில்லிவிநாடிக்கு மேல். 240-ல் வாய் பாதி திறந்த ஓரிரு படம் கிடைக்கலாம். 1000 ஃபிரேமில்தான் ஐந்தாறு படம் தேறும். அதற்கு ஷட்டர், அதாவது ஒரு படத்துக்கு வெளிச்சம் விழும் நேரம், 1/1000 விநாடி அல்லது இன்னும் வேகம். 1/50-ல் வந்த வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்குதான் சென்சாருக்குக் கிடைக்கும். ஆகவே தவளைமீனுக்குப் பகல், ஆழம் குறைந்த இடம், பளீரென்ற வெயில். பாரைக்கும் களவாய்க்கும் இவ்வளவு பாடு வேண்டாம். 120 ஃபிரேம், 1/500 ஷட்டர் தாராளம்.

குமிழி பெரிய தொல்லை. சாதாரண ஸ்கூபாவில் மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் தலைக்கு மேல் ஒரு இரைச்சல் கிளம்பும். அதற்கு மீன் விலகும். இதைத் தவிர்க்க மூச்சை அடக்கிக்கொண்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அழுத்தக் காற்றைச் சுவாசித்துவிட்டு மூச்சை அடக்கியபடி ஓரிரு மீட்டர் மேலே எழும்பினாலே நுரையீரல் கிழியலாம். வியூஃபைண்டரில் கண் இருக்கும்போது நாம் மேலே மிதப்பது நமக்கே தெரியாது. அது நடக்காவிட்டாலும் கரியமில வாயு சேர்ந்து தலைவலி வரலாம்.

விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பச் சுவாசிக்கத் தரும் ரீபிரீதரில் குமிழி கிட்டத்தட்ட இல்லை, மீன்கள் பக்கத்திலேயே வரும். ஆனால் ஆக்சிஜன் குறைந்து மயங்கப்போவதை உடம்பு முன்கூட்டிச் சொல்லாது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் திரையைப் பார்க்க மறக்கவைக்க ஒரு நல்ல வேட்டைக் காட்சி போதும். கருவி பழுதானால் சுவாசிக்கத் தனியாக மாற்றுச் சிலிண்டர் இல்லாமல், பயிற்சி முடிந்த கையோடு கேமராவையும் தூக்கிக்கொண்டு இறங்குவது அசட்டுத் துணிச்சல்.

இரண்டுமே சரிப்படாதவர்களுக்கு என் சிபாரிசு: கேமராவை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கனமான அடித்தட்டில் பொருத்தி, வெறும் மணலில் வையுங்கள். உயிருள்ள பவளத்தின் மேல் ஒரு கால்கூடப் படக்கூடாது. லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சின்ன மீனின் கண்மட்டத்தில் இருக்கட்டும். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும் கல்லுக்கு ஃபோகஸ் பிடித்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மிதந்துபோகும் ஒவ்வொரு துகளையும் அது தேடித்தேடிப் பிடிக்கும். நிறத்தைச் சரிப்படுத்தும் ஒயிட் பேலன்ஸையும் அந்த ஆழத்திலேயே வெள்ளைப் பலகை காட்டிப் பூட்டுங்கள், ஏனென்றால் ஐந்து மீட்டரிலேயே சிவப்பு நிறத்தின் பெரும்பகுதி போய்விடும். பத்து மீட்டருக்கு மேல் விலகிப்போய் அரைமணி நேரம் வேறு வேலை பாருங்கள். முதல் சில நிமிடங்களை எடிட்டிங்கில் கழித்துவிடலாம். கிளம்பும்போது கால்துடுப்பு மணலில் ஒரு உதை உதைத்தால், எழும்பும் கலங்கல் பதிவின் முதல் பாதியை விழுங்கிவிடும்.

அந்திதான் பொன்னான நேரம், கஷ்டமான நேரமும். சூரியன் மறைந்த பிறகு பகல் மீன்கள் இடுக்குக்குள் போய்விடும், இரவு மீன்கள் இன்னும் வெளியே வந்திருக்காது. சுமார் இருபது நிமிடம் பாறை காலியாகக் கிடக்கும். இரைகளின் கண் பகல் பார்வையிலிருந்து இரவுப் பார்வைக்கு மாறிக்கொண்டிருக்கும் தருணம் அது. கீழே பதுங்கியிருக்கும் களவாய்க்கு மேலே நீந்தும் இரை வானத்தின் மிச்ச வெளிச்சத்தில் நிழலுருவமாகத் தெரியும். இரைக்கோ கீழே பார்த்தால் எல்லாம் கறுப்பு. நீங்களும் கேமராவைக் கீழே வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள், அந்த நிழலுருவம் உங்களுக்கும் கிடைக்கும். விளக்கு வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் போதவில்லை என்று அப்பெர்ச்சரை (லென்ஸின் துளையை) முழுக்கத் திறந்தால், டோம் போர்ட் என்னும் குவிந்த முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அகலக் கோண லென்ஸில் மூலைகள் குழைந்துவிடும். அதற்குப் பதில் சென்சாரின் ஒளி உணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஏற்றி, புள்ளிகளைச் சகித்துக்கொள்ளலாம். அகச்சிவப்பு விளக்கு வாங்கினால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ஒரு மீட்டருக்குள் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இரவில் கட்டாயம் வெளிச்சம் வேண்டுமென்றால் மங்கலான சிவப்பு. பவளப்பாறை மீன்கள் பலவற்றுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. நிறம் நாசமாகும், கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹவுசிங், அதாவது கேமராவுக்கான தண்ணீர் புகாத கூடு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் பங்குக்கு ஒன்று: தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு மிளகளவு கிரீஸ் போதும், தேய்த்தபின் பளபளப்பு மட்டும் தெரிந்தால் சரி. அள்ளிப் பூசினால் மணலும் முடியும் வந்து ஒட்டும். தண்ணீர் நுழைய ஒற்றை முடி போதும். மூடும் முன் விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தப்பாது.

எடிட்டிங்கில்தான் எனக்குக் கோபம் அதிகம். திங்கட்கிழமை எடுத்த களவாயின் முகம், புதன்கிழமை எடுத்த சின்ன மீனின் ஓட்டம், வேறெங்கோ எடுத்த பாய்ச்சல் மூன்றையும் ஒட்டி, மத்தளம் போல் ஒரு இசையைச் சேர்த்து ஒரே வேட்டையாகப் போடுகிறார்கள். ஒட்டுவது தவறில்லை, சொல்லாமல் ஒட்டுவதுதான் தவறு. 'மூன்று நாள் காட்சிகள், 120 ஃபிரேம், விளக்கு இல்லை, இரை வைக்கவில்லை' என்று விவரத்தில் ஒரு வரி போட ஒரு நிமிடம் ஆகாது. டார்ச் போட்டு எடுத்திருந்தால் அதையும் அதே வரியில் எழுதுங்கள்.