விரலை எடுங்கள் அத்தான்!

நான்: அத்தான், மறுபடியும் விரல் நாக்குக்குப் போகிறது.

அத்தான்: என் விரல், என் நாக்கு. உனக்கென்ன?

நான்: புத்தகம் என்னுடையது.

அத்தான்: 30 வருடம் கேஷ் கவுன்டரில் நோட்டு எண்ணிய கை மாப்பிள்ளை இது. ஸ்பாஞ்ச் போட்ட தண்ணீர்க் கிண்ணம் பக்கத்திலேயே இருக்கும், ஒருநாள் தொட்டதில்லை.

நான்: இதை உங்களிடம் பணம் வாங்கிப் போனவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.

அத்தான்: உன் அக்காவே ஒன்றும் சொல்வதில்லை, என் எச்சில் உனக்கு அவ்வளவு கேவலமாகப் போய்விட்டதா?

நான்: ஐயோ, வேறு எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் நக்கிக்கொண்டே படியுங்கள். இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவல் மட்டும் வேண்டாம்.

அத்தான்: அதுதான் ஏன்?

நான்: சொன்னால் கதை போய்விடும்.

அத்தான்: எச்சிலுக்கும் கதைக்கும் என்னடா சம்பந்தம்?

நான்: ...எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?

அத்தான்: 80. ஒருத்தன் மலைச்சரிவில் செத்துக் கிடந்தான், அதோடு சரி. இயேசுவுக்குச் சொந்தமாகச் சொத்து இருந்ததா இல்லையா என்று போப்புக்கும் பிரான்சிஸ்கன் சாமியார்களுக்கும் சண்டையாம், அதையே இழுக்கிறார்கள்.

நான்: முதல் 100 பக்கத்தைக் குறைக்கச் சொன்னபோது எக்கோ மாட்டேன் என்றுவிட்டார். மலை ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கித்தான் கதை நடக்கிற கிறிஸ்தவ மடத்துக்குள் வரவேண்டுமாம்.

அத்தான்: பக்கத்துக்கு ஒரு எச்சில் என்றால் ஏறுவதற்கே 100 எச்சில்.

நான்: நீங்கள் மட்டும் அந்த மடத்தில் இருந்திருந்தால் முதல் நாளே...

அத்தான்: முதல் நாளே?

நான்: ஒன்றுமில்லை. காபி குடியுங்கள்.

(இரண்டு நாள் கழித்து.)

அத்தான்: கண்டுபிடித்துவிட்டேன்! செத்தவர்களில் இரண்டு பேருக்கு விரல் நுனி கறுத்திருக்கிறது. பேனா மை! நாள் முழுக்க உட்கார்ந்து பிரதி எடுக்கிறவர்கள், மை ஒட்டாதா?

நான்: நாக்கும்தான் கறுத்திருக்கிறது.

அத்தான்: நாவல்பழம்.

நான்: இத்தாலியில் ஒரு மலை உச்சி, 1327, நவம்பர் கடைசி, வாசலெல்லாம் பனி. நாவல்பழத்தை எந்த வண்டிக்காரன் அத்தான் கொண்டுவந்தான்?

அத்தான்: துப்பறிய வந்த வில்லியத்துக்கே தெரியவில்லை, நீ என்னடா. பாவம், மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டுத் தடவுகிறார். அந்தக் காலத்தில் அது புதுச் சாமான், தெருமுனைக்குப் போய் வேறு வாங்க முடியுமா, மடத்துக் கண்ணாடிக்காரர் தேய்த்துக் கொடுத்தால்தான் உண்டு.

நான்: விரல்! விரல்!

அத்தான்: சும்மா இரு. அந்த நூலகத்தைப் பார், அவ்வளவு பெரிசாகக் கட்டிவிட்டு நூலகரைத் தவிர ஒருத்தரையும் உள்ளே விடுவதில்லை.

நான்: படிக்கிறவனைக் கண்டாலே பயப்படுகிற ஆளிடம் சாவியைக் கொடுத்தால் அப்படித்தான்.

அத்தான்: நீ மட்டும் என்ன, மூன்று நாளாக என்னை ஒரு பக்கம் நிம்மதியாகப் புரட்ட விட்டாயா?

(இதற்கு என்னிடம் பதில் இல்லை. அத்தான் வெற்றிப் புன்னகையோடு விரலை நாக்குக்குக் கொண்டுபோனவர் பாதி வழியில் நிறுத்தினார். விரலைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். லுங்கியில் விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பக்கத்தின் மூலையை மெதுவாக மடித்தார்.)

நான்: ஐயையோ, மூலையை மடிக்காதீர்கள்!

அத்தான்: ஏன், இதற்கும் யாராவது சாவார்களா?

நான்: அந்த மடத்தில் சாகமாட்டார்கள்.