படத்துக்கு உறுதி எழுதாத ஊர்

கடந்த மாதம் எனது உயர்தரச் சித்திர வகுப்புப் பிள்ளைகள் 11 பேரைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு நூதனசாலைக்குப் போயிருந்தேன். இளங்கலைஞர்களின் சமகாலக் கலைக் கண்காட்சி அங்கே நடப்பதாக அழைப்பிதழ் வந்திருந்தது. வெள்ளி பிற்பகல் மங்கல விளக்கேற்றித் தொடங்கி ஞாயிறு மாலையோடு முடிகிறது என்பதை நான் ஒழுங்காக வாசிக்கவில்லை. அது என் பிழைதான். ஆனாலும் பாடசாலை நேரம் ஒன்றுகூட அகப்படாதபடி ஒரு கண்காட்சிக்கு நாள் குறித்தவர்களின் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாங்கள் போன திங்கட்கிழமை காலையில் சுவரில் ஆணிகள் இருந்தன. சில ஆணிகளுக்குக் கீழே விபரத்தாள்களும் கழற்றப்படாமல் ஒட்டியபடி இருந்தன. "தலைப்பிடப்படாதது, கலப்பு ஊடகம்" என்றது ஒன்று. அதற்கு மேலே வெறுஞ்சுவர். இதுவும் ஒரு படைப்போ என்று மாணவி ஒருத்தி உண்மையாகவே கேட்டாள். சமகாலக் கலையைப் பற்றி வகுப்பில் நான் படிப்பித்த விதம் அப்படி.

மண்டபத்தின் மூலையில் பல்கலைக்கழகப் படிப்பை அண்மையில் முடித்த ஓர் இளம் கலைஞர், ஜாம் போத்தல்களைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிப் பாண் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். 1990களில் பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தங்கவிலை விற்றபோது யாழ்ப்பாணத்து வீடுகளில் எரிந்த ஜாம் போத்தல் விளக்குகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டு, அதை ஒரு நிறுவல் கலையாக அமைத்திருந்தாராம். பிள்ளைகள் உதவிக்குக் குந்தினார்கள். தும்புத்தடியோடு நின்ற, மண்டபத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மா ஒரு போத்தலை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "உதிலை எண்ணெய் கூடப் போச்சுது பிள்ளை. அடியிலை கிடக்கிற பஞ்சு நனைஞ்சாக் காணும், இவ்வளவு விட்டால் வீட்டிலை இருக்கிற எண்ணெய் கெதியிலை முடிஞ்சிடும்" என்றார். சைக்கிள் ரியூப்பின் வால்வுக் கட்டைக்குள் திரியை நுழைப்பது எப்படி, புகை போத்தல் வாயைக் கறுப்பாக்காமல் கம்பியை எந்த உயரத்துக்கு வளைப்பது, அந்த வெளிச்சத்தில் கொப்பியை எவ்வளவு கிட்ட வைத்து ஓ.எல். சோதினைக்குப் படித்தது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். கலைஞரும் குறிப்பெடுத்தார். எங்கள் சனத்துக்குச் சமகாலக் கலை விளங்காது என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த நேரம் அங்கே நின்றிருக்க வேண்டும்.

"ரீச்சர், இனி இதெல்லாம் எங்கை போகும்?" என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். கலைஞரே முந்திக்கொண்டு, "வீட்டைதான் தங்கச்சி. கட்டிலுக்குக் கீழை இடம் கிடக்கு" என்றார்.

அந்தக் கட்டிலடிதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. கண்காட்சிகள் குறைவு என்று நான் முறையிடவில்லை. வைக்கப்படும் கண்காட்சிகளில் இருந்து ஒரு படைப்பையேனும் எங்கள் நூதனசாலைகள் தங்களுக்கென்று எடுத்து, இலக்கமிட்டு, பாதுகாத்து வைப்பதில்லை என்பதே என் குறை. மூன்று நாள் மண்டபம் கொடுப்பதைக் கலியாண மண்டபமும் செய்யும்.

காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, மடியில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்த ஊர் இது. இராணுவம் முன்னேறிவர யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு, கைதடிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்தில் எத்தனை பேரிடம் மாற்றுச் சேலை இருந்ததோ தெரியாது, உறுதி இருந்தது. படங்கள் பின்னால் நின்றுவிட்டன. குருநகரைச் சேர்ந்த ஓவியர் அ. மாற்கு (1933–2000) எங்களுக்குள் ஒரு தலைமுறைக்கே வரையக் கற்பித்தவர். வாசுகி ஜெயசங்கர், தா. சனாதனன் போன்ற ஓவியர்கள் அவரிடம் பயின்றவர்கள். அவருடைய ஓவியங்கள் பல இடப்பெயர்வுகளில் தொலைந்துபோயின. அவை ஒரு பொதுச் சேகரிப்பில் இருந்திருந்தால் தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த எவரும் அப்படிச் சொல்லத் துணியமாட்டார். ஆனால் பதிவேடு ஒன்று இருந்திருந்தால், எவை தொலைந்தன என்றாவது இன்றைக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்தப் பட்டியலும் எங்களிடம் இல்லை.

ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டைத் தோம்பு என்போம். அந்தச் சொல்லையே தலைப்பில் வைத்து சனாதனன் 2011இல் ஒரு கலைநூலைச் செய்தார். இடம்பெயர்ந்த 80 பேர் தாங்கள் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே கீறிக் கொடுக்க, அதைக் கட்டடக்கலைஞர் வரைவது போன்ற ஒரு படமாகவும் தன்னுடைய ஓவியமாகவும் அவர் விரித்து, எல்லாவற்றையும் கந்தோர்க் கோப்பு மாதிரிக் கட்டிவைத்தார். கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று கோணல் கோடுகளில் குறித்திருக்கும் அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது, பதிவு செய்தல் என்பதே இந்த மண்ணில் ஒரு கலைச் செயலாக இருப்பது புரியும். இதற்கு முன்னரே, 2004இல், திரும்பக் கட்டிய பொது நூலகத்துக்குள் ஊரவர்களிடம் சேகரித்த பாவனைப் பொருட்களைக் கொண்டு அவர் ஒரு காட்சியை அமைத்திருந்தார். கலைஞர்கள் நூதனசாலையின் வேலையைச் செய்துகொண்டிருக்க, எங்கள் நூதனசாலைகள் மண்டபம் வாடகைக்கு விடுகின்றன.

நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்தின் பணி தொல்பொருள். பண்டைய குடியிருப்பான கந்தரோடையில் கிடைத்தவற்றை அங்கே பார்க்கலாம், அதனிடம் வேறெதையும் கேட்பது முறையாகாது. 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட யாழ்ப்பாணக் கலாசார மத்திய நிலையத்தில் 600 பேருக்கு மேல் அமரும் அரங்கும், 11 மாடிக் கோபுரமும், நூதனசாலைக்கென இரண்டு தளங்களும் உண்டு. ஆகவே இடமில்லை என்ற பழைய பதிலை இனிச் சொல்ல முடியாது. கொழும்பில் 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலையில் விபரங்கள் மூன்று மொழிகளிலும் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கலைஞர்களின் படைப்பை நல்ல தமிழ் விளக்கத்தோடு பார்ப்பதற்கு என் மாணவிகள் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகவேண்டியிருக்கிறது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு, ஆனால் சிரிப்பு வரவில்லை. கொழும்பிலும் வெளிநாட்டிலும் படைப்புகளை வாங்குகிறார்கள் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் கிடையாது. கலைஞரும் அரிசி வாங்க வேண்டும்.

எடுத்து வைப்பது லேசான காரியமும் அல்ல. எங்கள் இளைஞர்கள் கூடுதலாகக் கடதாசியிலும் சீலையிலும் வேலை செய்கிறார்கள், ஏனென்றால் அவைதான் மலிவு. கெட்டுப்போவதிலும் அவைதான் முந்தும். கடதாசியில் வரைந்ததை 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேற்பட்ட வெளிச்சத்தில் மாதக்கணக்காகத் தொங்கவிட்டால் நிறம் வெளிறும். நான் பார்த்த மண்டபத்திலோ பின்னேர வெயில் நேரே சுவரில் விழும்படியாக யன்னல். மாரிக்குப் பூஞ்சணம், மற்றக் காலத்துக்குக் கறையான். ஆனாலும் தொடங்குவதற்கு வேண்டியவை அமிலமற்ற தாள், தட்டையான இழுப்பறைகள் உள்ள ஓர் அலுமாரி, ஈரமிழுக்கும் கருவி ஒன்று, பூட்டக்கூடிய சிறு அறை, ஒரு பதிவேடு, அதை எழுதத் தெரிந்த ஓர் ஆள். திறப்பு விழா மாலைகளுக்கும் பொன்னாடைகளுக்கும் போகிற காசைச் சேர்த்தாலே அலுமாரி வந்துவிடும்.

எனக்குள்ள உண்மையான பயம் வேறு. எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் குழு ஒன்று அமையும். அது பனைமரத்தையும் நல்லூர்க் கோபுரத்தையும் மாட்டுவண்டிலையும் மட்டுமே தெரிவு செய்யும். காணாமற்போனவர்களைப் பற்றியோ, சாதியைப் பற்றியோ, வேலிக்குள் நடப்பதைப் பற்றியோ ஒரு பெண்பிள்ளை வரைந்தால் "அழகியல் போதாது" என்று திருப்பி அனுப்பும். இதற்கு என்னிடம் முழு மருந்து இல்லை. குழுவில் பாதிப் பேராவது வரைகிறவர்களாக இருக்க வேண்டும், நிராகரித்ததற்கான காரணத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற அளவில்தான் யோசித்திருக்கிறேன். நிராகரித்தவர் யார் என்பது எழுத்தில் நின்றால், கை கொஞ்சம் தயங்கும்.

அன்றைக்கே பொறுப்பான அலுவலரிடம் இதைச் சொன்னேன். "எழுதித் தாங்கோ, பார்ப்பம்" என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன். கலைஞர் போத்தல்களில் ஒன்றை எங்கள் பாடசாலைக்குத் தந்தார். சித்திர அறை அலுமாரியில் அதை வைத்து, ஒரு சீ.ஆர். கொப்பியில் முதலாம் இலக்கமாகப் பதிந்திருக்கிறோம்: கலைஞரின் பெயர், ஆண்டு, பொருள், கிடைத்த திகதி. கடைசி நிரலில், எண்ணெய் கூடிவிட்டது என்று அந்த அம்மா சொன்னதையும் ஒருத்தி எழுதியிருக்கிறாள்.