ஈறு நோயைத் தீர்க்காமல் இம்ப்ளான்ட் வைக்காதீர்கள்

'மூன்றே நாளில் நிலையான பல்' என்ற விளம்பரம் இப்போது பஸ் ஸ்டாண்ட் சுவர்வரை வந்துவிட்டது. ஈறு மருத்துவராக வேலை செய்கிற எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அதை நம்பிப் போகிற நடுத்தர வயதுக்காரர்களில் பலர், ஈறு நோயால் எலும்பு கரைந்து பல்லை இழந்தவர்கள். அந்த நோய்க்கு வைத்தியமே பார்க்காமல் அதே வாயில், தாடை எலும்புக்குள் டைட்டானியம் ஸ்க்ரூவை இறக்கி அதன்மேல் செயற்கைப் பல்லை மாட்டுகிறார்கள். இதுதான் இம்ப்ளான்ட்.

இம்ப்ளான்ட் நல்ல சிகிச்சைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1965-இல் ஸ்வீடனில் மருத்துவர் பிரோனமார்க் முதன்முதலாக இம்ப்ளான்ட் வைத்த யோஸ்டா லார்சன், 2006-இல் இறக்கும்வரை அந்தப் பற்களோடுதான் வாழ்ந்தார். டைட்டானியம் எலும்போடு அப்படி ஒட்டிக்கொள்ளும். சிக்கல் அதைச் சுற்றியுள்ள ஈறில் இருக்கிறது.

இயற்கைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு. ஈறின் நார்களும் பல்வேருக்குள் புகுந்து இறுக்கிப் பிடித்திருக்கும். இம்ப்ளான்ட்டில் நார்கள் அதை ஒட்டிப் போகுமே தவிர உள்ளே புகாது. ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் கிருமி இறங்கினால் எலும்பைத் தொட அதிக நாள் ஆகாது.

"அதான் பல்லையே பிடுங்கியாச்சே, அப்புறம் ஈறு நோய் எங்கிருந்து வரும்?" என்று கேட்கிறார்கள். மிச்சமிருக்கிற பற்களைச் சுற்றி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உண்டான பள்ளங்களிலும் நாக்கிலும் அதே கிருமிகள் இருக்கின்றன. சர்க்கரை நோயும் சிகரெட்டும் அப்படியே இருக்கின்றன. எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டாலும்கூட, ஒருமுறை ஈறு நோய் முற்றியவருக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம்தான்.

சமீபத்தில் ஓர் அம்மா வந்தார். வேறோர் இடத்தில் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்திருந்தார்கள். வலி இல்லை. "அந்தப் பக்கம் மட்டும் ஒரு வாடை வருது டாக்டர்" என்றார். ஈறை விரலால் லேசாக அழுத்தினேன், சீழ் வந்தது. ஈறுப் பள்ளத்துக்குள் அளவுகோல் 8 மில்லிமீட்டர் இறங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு கிண்ணம் போலக் கரைந்து, ஸ்க்ரூவின் மேல் மரைகள் வெளியே தெரிந்தன. ஆனால் இரண்டும் துளிகூட ஆடவில்லை. அடியில் மிஞ்சிய எலும்பு பிடித்திருக்கும்வரை இம்ப்ளான்ட் ஆடாது. ஆடத் தொடங்கினால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. பக்கத்துப் பற்களில் காரை (கெட்டிப்பட்ட அழுக்கு) அடைபோல் படிந்திருந்தது. சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 9 சதவீதத்துக்கு மேல். வைப்பதற்கு முன் யாரும் அதைக் கேட்கவில்லையாம். நகையை அடகு வைத்துக் கட்டிய பணம்.

அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். காரையை எடுத்து, வேர்வரை சுத்தம் செய்து, இரண்டு மூன்று மாதம் பொறுத்து, பள்ளங்களை மறுபடி அளந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஸ்க்ரூவைப் பற்றிப் பேச வேண்டும். அதைச் சொல்வது மருத்துவரின் கடமை. 5 மில்லிமீட்டர் பள்ளமும் ரத்தக்கசிவும் மிச்சமிருந்தால் நான் வைக்க மாட்டேன். 'பொண்ணு கல்யாணத்துக்குள்ள முடிச்சுக் குடுங்க' என்று அவசரப்படுத்துவார்கள். பல்லைச் சுத்தம் செய்தால் ஆடிவிடும் என்றும் பயப்படுவார்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே பிடி தளர்ந்திருந்த பல்லைக் காரைதான் அசையாமல் பிடித்திருந்தது என்று ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. சரி, விளக்குவோம். நேரமாகும், வருமானமும் இல்லை, ஆனாலும் விளக்கத்தான் வேண்டும்.

ஈறு நோய் வந்தவர்களுக்கு இம்ப்ளான்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோயைக் கட்டுப்படுத்தி, அதன்பிறகும் ஒழுங்காகச் சுத்தம் செய்ய வருகிறவர்களுக்கு நானே வைக்கிறேன், பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள். ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதையும் அதற்கு ஆகும் செலவையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் எலும்பு ஒருமுறை கரைந்துவிட்டால் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். ஸ்க்ரூவின் சொரசொரப்பில் ஒட்டிய கிருமியை அறுவைச் சிகிச்சை செய்தாலும் முழுதாகத் துடைத்தெடுக்க முடிவதில்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், பல் துலக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் வந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். எலும்பு கரையாமல் ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் வந்தால் சுத்தம் செய்தே சரிப்படுத்திவிடலாம். ஸ்க்ரூவின்மீது பல் மாட்டிய சமயத்தில் எடுத்த எக்ஸ்ரேயை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். எலும்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்க, பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் அது வேண்டும்.