பயம் இல்லை, பயன் இல்லை
வளர்முக நாடுகளில வயதான ஆக்கள் தொழில்நுட்பத்துக்குப் பயந்துதான் கைத்தொலைபேசி வழி அரச சேவைகளைத் தவிர்க்கினம் எண்டு கட்டுரை சொல்லுறதை நம்பக் கஷ்டமா இருக்கு. எங்கட அம்மம்மா யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில இருந்து ஒவ்வொரு இரவும் கனடா மாமாவோட வட்ஸ்அப்பில முகம் பார்த்துக் கதைக்கிறா. அதே மனுசி போனில அரச விண்ணப்பம் ஒண்டை நிரப்பப் போய், ஆங்கிலத்தில வந்த குறுஞ்செய்தியோட நிண்டிட்டா. நான் நிரப்பிக் குடுத்தன். பிறகும் அலுவலகத்தில விதானையாரின்ர (கிராம சேவகர்) கடிதமும் போட்டோக்கொப்பியும் கேட்டினம். அப்ப என்னத்துக்குப் போன்? அரச தகவல் நிலையத்தின்ர 1919 எண்ட நம்பருக்கு அடிச்சால் தமிழில கதைக்கலாம், அதுக்கு அவ தயங்கிறேல்லை. பயனும் இலகுவும் தெரிஞ்சால்தான் பாவிப்பினம் எண்டு, ஆக்கள் தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கினம் எண்டு ஆராய்ஞ்ச பிரெட் டேவிஸ் 1989இலேயே எழுதிப்போட்டார். மேல "இந்தப் போன் சேவையை இளையாக்களுக்கு மட்டும் குடுங்கோ" எண்டு கருத்து எழுதினவர், பென்சன் எடுக்கிறது ஆர் எண்டு ஒருக்கா யோசியுங்கோ.