படிநிலை வேண்டாம் என்பது பாதி உண்மை
தேடல் நன்றாக இருந்தால் லாஞ்சரில் (பெயரைத் தட்டிச் செயலிகளையும் கட்டளைகளையும் திறக்கும் பெட்டி) படிநிலையே, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பட்டியல்களே, தேவையில்லை என்கிறது மேலே உள்ள கட்டுரை. தேடும் பொருளின் பெயர் தெரிந்தவர்களுக்குச் சரி. ‘அமைப்புகள்’ என்று தட்டியதும் ஒரே பெயரில் எட்டு வரிகள் வந்து நின்றால், எது எந்தச் செயலியுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேக்கில் குவிக்சில்வர் என்ற லாஞ்சர், வலது அம்புக்குறியை அழுத்தினால் கோப்புறைக்குள்ளேயே இறங்கிவிடும். நிரல் எழுதும் விஎஸ் கோடில், கோப்புகளைத் தேடும் அதே பெட்டியில் @ போட்டால் கோப்பில் உள்ள ஃபங்ஷன்கள், : போட்டால் வரி எண். தேடலின் எல்லையைக் குறுக்குவதும் படிநிலைதானே? பின்னே செல்ல எஸ்கேப் விசை போதும் என்று மேலே கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்காக எழுதிய சின்ன லாஞ்சரில் அப்படித்தான் வைத்தேன். மூன்றாம் நிலையில் இருக்கும்போது ஒரு படி மேலே போக வேண்டுமா, மொத்தமாக மூட வேண்டுமா என்று என் கைக்கே குழப்பம். இப்போது பெட்டி காலியாக இருக்கும்போது பேக்ஸ்பேஸ் ஒரு படி மேலே கொண்டுபோகும், எஸ்கேப் மூடிவிடும். அப்புறம், மேல் மட்டத்தில் இருந்தே ‘புளூ அணை’ என்று அடித்தாலும் ‘புளூடூத் › அணை’ முழுப் பாதையோடு வர வேண்டும். ஒவ்வொரு படியாக இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது வெறும் பழைய மெனு.